இரண்டு தரம் தரை தட்டிய கப்பல்

"இண்டைக்கு இந்த வீட்டுக்குள்ள ஒரு கப்பலும் ஓடக்கூடாது. சொல்லிப்போட்டன்!"

புளோறன்ஸ் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணாடி அலுமாரியின் மேலிருந்த மரப் போர்க்கப்பலைத் தூக்கிப் பின்னறைக்குள் கொண்டுபோய் வைத்தாள். அவளுடைய கணவர் வின்சன்ற் சாய்வு நாற்காலியில் இருந்தபடி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

"ஓம், ஓம். நான் வாயே திறக்க மாட்டன்."

"போன முறையும் இப்பிடித்தான் சொன்னீங்கள். வந்த சனத்துக்குப் பொழுது படுமட்டும் இத்தாலிக் கப்பல் கதை! அதுக்கு முதல் வந்த மாப்பிள்ளை கேக்கைக் கூடத் தொடாமல் ஓடினார். தோணியைக் கண்டாலே சத்தி எடுக்கிற மனிசனுக்கு வயசு போன நேரத்தில கப்பல் பைத்தியம். புறக்கோட்டை நடைபாதையில இந்தச் சனியனை வாங்கின நாளிலயிருந்து எங்கட டோரினுக்கு ஒரு இடமும் சரிவரயில்லை."

வின்சன்ற் கூரையைப் பார்த்தார். தேயிலைக் கம்பனியில் கிளார்க்காக இருந்த காலத்திலும் மேலதிகாரி திட்டும்போது அவர் இப்படித்தான் கூரையைப் பார்ப்பாராம்.

"இண்டைக்கு வாற ஹெக்டர் சுங்கத்தில வேலை. நிரந்தரம்! நிரந்தர உத்தியோகம் இல்லாதவன் மாப்பிள்ளையெண்டு இந்தப் படியேறக் கூடாது எண்டு கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறன். இதையும் கெடுத்தீங்களெண்டால் பிறகு என்னோட கதைக்க வேண்டாம்."

பின்னேரம் கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் டாக்சி வந்து நின்றது. ஹெக்டர் கஞ்சி போட்ட சேர்ட்டுக்குள் விறைப்பாக இறங்கினான். பின்னால் அவனுடைய தாய் மெற்றில்டா, கையில் செபமாலையோடு வந்தாள். டோரின் தேநீரும் பொரித்த இறைச்சிப் பற்றிஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். மழையைப் பற்றிக் கதைத்தார்கள். பங்குச் சாமியாரின் இருமலைப் பற்றிக் கதைத்தார்கள். வின்சன்ற் சிரித்ததோடு சரி. புளோறன்ஸுக்கு மனம் குளிர்ந்துபோனது.

அந்த நேரம் பார்த்து ஹெக்டர் சொன்னான்:

"நேற்று ஒரு இத்தாலிக் கப்பல் வந்தது, அங்கிள். செக் பண்ணி முடியவே இருட்டிப்போச்சு."

வின்சன்றின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"இத்தாலியோ?"

"இன்னொரு பற்றிஸ் எடுங்கோ, தம்பி!" என்று புளோறன்ஸ் பாய்ந்தாள். அதற்குள் வின்சன்ற் பின்னறைக்குப் போய்க் கப்பலோடு திரும்பிவிட்டார்.

"இத்தாலிக்காரனைச் சும்மா நினைக்காதேங்கோ தம்பி. இது யூலியோ செசாரே. முதலாவது யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னம் மஸ்தேயா எண்டு ஒருத்தர் பிளான் கீறின கப்பல். மற்ற நாட்டுக்காரர் ஒரு கோபுரத்துக்குள்ள ரெண்டு பீரங்கி வைக்க, இவர் மூண்டு வைச்சார். முன்னுக்கு மூண்டு. அதுக்குப் பின்னால, கொஞ்சம் உயரத்தில, ரெண்டு. நடுவில... நடுவில..."

அவர் தடுமாறி உள்வாசல் பக்கம் பார்த்தார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற டோரின், மூன்று விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைக்கு எவ்வளவு அவமானம் என்று புளோறன்ஸ் கணவரை முறைத்தாள்.

"நடுவிலயும் மூண்டு! பின்னுக்குத் திரும்ப ரெண்டும் மூண்டும். எல்லாமாப் பதின்மூண்டு பீரங்கி!"

"பதின்மூண்டோ?" மெற்றில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். "நல்ல காரியம் கதைக்கிற இடத்தில கூடாத எண்ணிக்கையெல்லே!"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா," என்று புளோறன்ஸ் அவசரமாகக் குறுக்கிட்டாள். "அந்தோனியார்ர திருநாளும் பதின்மூண்டாம் திகதிதானே!"

மெற்றில்டா யோசித்தாள். முகம் மலர்ந்தது. "அதுவும் மெய்தான்," என்று இன்னொரு பற்றிஸை எடுத்தாள். புளோறன்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி நாள் குறிக்க வேண்டியதுதான்.

வின்சன்ற் தொண்டையைச் செருமினார்.

"புனிதர் எண்டதும்தான் ஞாபகம் வருது. புனித ஜோர்ஜ் பேரிலயும் ஒரு கவசக் கப்பல் கட்டினவங்கள், சன் ஜோர்ஜியோ எண்டு. நாலு புகைக்குழாய். ரெண்டு முன்னுக்கு, ரெண்டு பின்னுக்கு. வடிவெண்டால் அப்பிடி வடிவு. ஆனா பாருங்கோ, நேப்பிள்ஸ் கரையில தரை தட்டிப்போச்சு."

மெற்றில்டாவின் பற்றிஸ் பீங்கானுக்குத் திரும்பியது.

"பொம்பிளை பார்க்க வந்த இடத்தில கப்பல் தரை தட்டின கதையோ? அதுவும் புனிதர் பேர் வைச்ச கப்பல்!"

"ஒருக்கா இல்லை, ரெண்டு தரம்," என்றார் வின்சன்ற் பணிவாக.

"ஹெக்டர், எழும்பு!"

"சொல்லி அனுப்புறம், அங்கிள்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஹெக்டர் தாயின் பின்னால் போனான்.

புளோறன்ஸ் அழவில்லை. கணவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். குடையை எடுத்தாள். "நான் அந்தோனியாரிட்டயே போய்க் கேக்கிறன், எனக்கு ஏன் இந்த மனிசனைத் தந்தனீர் எண்டு," என்று சொல்லிவிட்டுக் கோவிலுக்கு நடந்தாள்.

வாசற்கதவு அடித்துச் சாத்திய சத்தம் கேட்டதும், டோரின் மெல்ல வந்து மீதிப் பற்றிஸை அப்பாவுக்கு நீட்டினாள். வின்சன்ற் முதலில் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"மகள், இந்தக் கப்பலைச் செய்த உன்ர றேமண்டிட்டயே கொண்டுபோய்க் குடுத்துச் சொல்லு," என்றார் ரகசியமாக. "துறைமுகப் பட்டறையில அவனை நிரந்தரமாக்குமட்டும் எத்தனை மாப்பிள்ளை வந்தாலும் நான் துரத்தித் தாறன். ஆனா அடுத்த முறைக்கு ஒரு இங்கிலீஷ்க் கப்பலாச் செய்து, அதின்ர கதையைச் சொல்லித் தரச் சொல்லு. இந்த இத்தாலிக்காரன்ர பேருகளைப் பாடமாக்கி என்ர நாக்கே தரை தட்டிப்போச்சு!"