வெண்கலச் சக்கரம்

ஒரு ஆஸ்பத்திரியின் பெரிய இரும்புக் கதவை ஒரு மோட்டார்தான் இழுத்துத் திறக்கும். அதை ஒட்டிய பெட்டிக்குள், எண்ணெயில் முங்கியபடி, ஒரு வெண்கலப் பல்சக்கரம் இருந்தது. மோட்டார் நாற்பது சுற்று சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும்.

"என் வேகத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறாய்?" என்று மோட்டார் எரிந்து விழும்.

"கொட்டவில்லை அண்ணே. அதைப் பலமாக மாற்றித்தான் கதவுக்குக் கொடுக்கிறேன்."

"நீ மட்டும் இல்லையென்றால் நான் பறப்பேன்."

சக்கரம் தன் ஒரு சுற்றைச் சுற்றி முடிக்கும். அதன் பற்களில் உரசிச் சுழலும் மோட்டாரின் எஃகுத் தண்டு தேயக்கூடாது என்றுதான் சக்கரத்தை மென்மையான உலோகத்தில் வார்த்திருந்தார்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் பற்களிலிருந்து கொஞ்சம் பொன்னிறப் பொடி எண்ணெயில் கலந்தது.

ஒருநாள் மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்தது. வாட்ச்மேன் பொத்தானை அழுத்தினார். மோட்டார் சுழன்றது; அன்றைக்கு எதுவுமே அதைப் பிடித்து நிறுத்தவில்லை.

"பார்த்தாயா, இதுதான் என் வேகம்" என்றது மோட்டார்.

பற்களெல்லாம் தேய்ந்துபோன சக்கரம் அசையாமல் கிடந்தது. கதவும் அசையவில்லை. வாட்ச்மேனும் டிரைவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அழுகை கேட்டது.

"தம்பி, கொஞ்சம் பிடித்துக்கொள்ளேன்" என்றது மோட்டார். அதன் வேகம் மட்டும் குறையவே இல்லை.