மேல் இரண்டு இழுப்பறைகள்

"மாமியார் வர்றாங்கன்னு யாராவது இப்படி மாங்கு மாங்குன்னு தேய்ப்பாங்களா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி. போன மாதம்தான் குடிவந்தவள். அதற்குள் நிலைப்படியில் சாய்ந்து பேசும் அளவுக்குப் பழகிவிட்டாள்.

மருமகள் நிமிராமல் உப்புத்தாளை மடித்துப் பிடித்தாள். பழைய சாமான் கடையில் கிடைத்த மர அலமாரி அது, நான்கு இழுப்பறை வைத்தது. எந்தப் புண்ணியவானோ மேலே அப்பியிருந்த பச்சை பெயிண்டைச் சுரண்டி எடுப்பதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் இடுப்பும் போயிருந்தன. இன்று காலைதான் முகப்பில் வார்னிஷ் அடித்தாள். பின்பக்கம் மட்டும் பாக்கி.

"மேல ரெண்டும் அவங்களுக்கு. முழங்கால் வலி, குனிய முடியாது. கீழ ரெண்டும் எனக்கு."

"நல்ல மாமியாரோ?"

"நான் பிழிஞ்ச துணிய ஒரு நாளாவது மறுபடி பிழியாம காயப் போட்டதில்ல" என்றாள் அவள். "போன மாசம் போன்ல, ஒரு மூலை இருந்தாப் போதும்னாங்க. குரலே சரியில்ல."

"வீட்டுக்காரர்கிட்ட குடுத்திருந்தா அரை நாள்ல தேய்ச்சிருப்பாரே?"

"அவருக்கு எங்க நேரம்?"

கீழே கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுக்காரி நழுவினாள். மூச்சு வாங்கியபடி மாமியார் படியேறி வந்தாள். பின்னால் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவளுடைய ஒரே மகன்.

"எங்க வைக்கட்டும்?" என்று வாசலிலேயே நின்று கேட்டான்.

"அங்கயே வைங்க. வார்னிஷ் இன்னும் காயல."

மாமியார் நேராக அலமாரியிடம் போனாள். மேல் இழுப்பறையை இழுத்தாள். "இறுக்குதே."

"மெழுகு தேய்ச்சா சரியாயிடும், அத்தை."

"கைப்பிடி கோணல்."

"நாளைக்கு மாத்தறேன்."

மருமகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். மாமியார் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தன.

மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்த களிம்பை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தடவத் தொடங்கினாள்.

மகன் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தான். "அம்மா, இங்க உனக்குச் சரிப்பட்டு வருமா?"

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நேரமாச்சு, கிளம்புடா. உன் புதுப் பொண்டாட்டி தேடுவா."