ஓட்ட ஆளில்லாத வண்டி

"கண்ணு மங்கிப்போச்சு தம்பி. வீட்ல ஓட்டறதுக்கு வேற ஆளும் இல்ல. அதான் விக்கிறேன்" என்ற சித்தார்த்தன், ஆர்.சி. புத்தகம் எடுக்க உள்ளே போனார்.

விநாயக் அந்தப் பழைய காரைச் சுற்றி வந்தான். தினமும் பெங்களூர் ரயிலில் நின்றபடியே போய்வரும் அவனுக்கு அது பல்லக்காகத் தெரிந்தது.

காய்கறிப் பையோடு தெருவில் வந்த ஓர் அம்மாள் நின்றாள்.

"இதையா வாங்கப் போற?"

"ஏம்மா, நல்லால்லியா?"

"வெளியிலதான் பளபளப்பு. தங்கச் சுரங்கத்துக் கழிவு கொட்டின சயனைட் மேட்டு மண்ணு காத்துல பறந்து இன்ஜின் பூரா இறங்கியிருக்கு. ராபர்ட்சன்பேட்டை தாண்டறதுக்குள்ள நாலு தடவ இருமும். நீ பெங்களூர் போவியா, மெக்கானிக்கைத் தேடிப் போவியா?"

விநாயக்கின் முகம் வாடியது. சித்தார்த்தன் வந்ததும், "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று நழுவினான்.

சித்தார்த்தன் அவளை முறைத்தார்.

"இன்னாடி இது? மூணாவது ஆளையும் துரத்திட்டியே! மண்ணாம், மண்ணு! தெனம் நீதானே இன்ஜினைத் துடைக்கிற?"

"துடைக்கிறவளுக்கு ஓட்டத் தெரியாதா?"

காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, தாரா பர்ஸிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். அதைக் கண்ணருகே வைத்துப் படித்தவர் திகைத்தார். மனைவி பெயரில் டிரைவிங் லைசென்ஸ்!

"அப்ப, ரெண்டு மாசமா பஜாருக்குப் போறேன்னு போனதெல்லாம்?"

"டிரைவிங் ஸ்கூலுக்கு. ஓட்ட ஆளில்லன்னு ஊர் பூரா சொன்னீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சாவியை வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் அமர்ந்தாள்.

"இத்தன வருஷம் நான் உக்காந்த சீட்டு காலியா இருக்கு. ஏறுங்க, கோலாருக்குப் போய் கண் டாக்டரைப் பார்ப்போம்."