ஆறு மணிக்கு மேல்

‘மேனேஜர்’ என்று ஐந்தாவது தடவையாகப் போன் அலறியது. அவள் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயத்தை நறுக்கினாள்.

“எடுத்துத்தான் தொலையேன்,” என்றான் புருஷன். மூட்டை தூக்கிய தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். “எங்க மேஸ்திரி கூப்பிட்டு ரெண்டாவது மணியில எடுக்கலைன்னா மறுநாள் வேலை கிடையாது.”

“எங்க ஆபீஸ்ல எடுத்தாத்தான் வேலை கிடையாது.”

பாதி நாள் வீட்டிலிருந்தும் பாதி நாள் வந்தும் வேலை பார்க்கிற ஆபீஸ் அது. நேரம் காலம் இல்லாமல் கூப்பிட்டு உயிரை வாங்குகிறார்கள் என்று மேலிடத்துக்குப் புகார் போனதும், மேனேஜர் சட்டம் போட்டார். ஆறு மணிக்கு மேல் ஆபீஸில் ஈ காக்கை இருக்கக் கூடாது. போனை எடுக்கக் கூடாது, செய்தியைத் திறக்கக் கூடாது. “நானே கூப்பிட்டாலும் எடுக்காதீங்க. சோதிச்சுப் பார்ப்பேன்!”

போன மாதம் சோதித்தார். பயந்துபோய் எடுத்தவள் இவள் ஒருத்திதான். மறுநாள் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். “இன்னொரு தடவை எடுத்தா, வேலை நிரந்தரம்ங்கிற பேச்சையே மறந்துடு!”

இன்று மேனேஜருக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். ஆபீஸில் இவளும் கணக்கரும் மட்டும்தான். அவரும் ஐந்தரைக்கே நழுவிவிட்டார். இவளும் ஆபீஸைத் திறந்துபோட்டபடியே எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள். ஆறு அடித்ததும் விளக்கை அணைத்து ஷட்டரை இழுத்தபோது, உள்ளே எங்கோ குழாய் ஓடியது. ‘இந்தக் கணக்கருக்கு ஒரு குழாயை மூடத் தெரியாது. காலையில பார்த்துக்கலாம்’ என்று முணுமுணுத்தபடி பூட்டைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

போன் மறுபடி அலறியது. பதினொன்றாவது தடவை.

“ஏதாவது தலை போற அவசரமா இருந்தா?” என்றான் புருஷன்.

“அப்படித்தான் தோணணும். அதுக்குத்தானே சோதனை!”

கொஞ்ச நேரத்தில் போன் ஓய்ந்தது. “அலுத்துட்டார்!” என்று சிரித்தாள்.

காலையில் கணக்கர் ஷட்டர் முன்னால் காத்திருந்தார். “அக்கா, எனக்கு ஏழு தடவை. நான் அசையலையே!”

“எனக்குப் பதினொண்ணு!” பூட்டைத் திறந்தபடி அவள் நிமிர்ந்து நின்றாள். “இன்னைக்கு சார் வரட்டும். வேலையை நிரந்தரம் பண்ணுங்கன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுடறேன்.”

ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளேயிருந்து கரகரத்த குரல் ஒன்று வந்தது.

“பண்ணிட்டேம்மா. வழியை விடு, நான் வீட்டுக்குப் போகணும்.”