சத்தம் போடாத சப்பாத்து

ஈப்போவில், ஓடுகிறவர்களுக்கென்றே இருந்த அந்தச் சப்பாத்துக் கடையில் தினேஸ்வரி சேர்ந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவள் விற்றதில் மூன்று ஜோடி திரும்பி வந்துவிட்டது. ஒன்று கடித்ததாம், ஒன்று தொளதொளத்ததாம், மூன்றாவதின் நிறம் வாங்கியவரின் மனைவிக்குப் பிடிக்கவில்லையாம்.

"இன்னொரு ஜோடி திரும்பி வந்தா, நீங்களும் அப்படியே வீட்டுக்குப் போகலாம்," என்று முதலாளி சிவநேசன் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். எவ்வளவு கோபம் வந்தாலும் அவர் மரியாதை குறையாமல் பேசுவார். அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

அன்றைக்கென்று பார்த்து வந்து சேர்ந்தார் சீனி. நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சிலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

"போட்டுக்கிட்டே வரலாம்ணே."

"இருக்கட்டும் தங்கச்சி, பழக்கமாயிருச்சு. ஓடுறதுக்கு நல்ல சப்பாத்து வேணும். சத்தமே வரக்கூடாது."

எடை கேட்பவர்கள் உண்டு, கலர் கேட்பவர்கள் உண்டு. சத்தத்தைப் பற்றி விசாரித்த முதல் ஆள் இவர்தான்.

"எங்கண்ணே ஓடுவீங்க? போலோ மைதானத்துலயா?"

"குடியிருக்கிற தாமான்லதான், வீடுங்களுக்குப் பின்னால இருக்கிற சந்துல. பாகார் ஏறிக் குதிச்சா குதிகால் வலிக்கக் கூடாது. நாய் முழிச்சுக்கக் கூடாது லா."

தினேஸ்வரிக்குச் சுருக்கென்றது. வேலி ஏறிக் குதிக்கிற மரத்தான் ஓட்டம் எந்த ஊரில் நடக்கிறது? ஆனாலும் நான்காவது ஜோடி திரும்பி வரக்கூடாது என்ற பயம் அவளுக்குச் சந்தேகத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அவர் பாதத்தை நனைத்து, பழுப்புத் தாளில் மிதிக்கச் சொன்னாள். நடுவில் அளவான வளைவோடு தடம் அழகாகப் பதிந்தது. கடைக்குள்ளேயே இரண்டு முறை ஓடவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தாள். கணுக்கால் உள்பக்கமும் அதிகம் சாயவில்லை, வெளிப்பக்கமும் சாயவில்லை.

"உங்களுக்கு நியூட்ரல் பாதம்ணே. பக்கத்துல முட்டுக் குடுக்கிற சப்பாத்து தேவையில்ல. அடியில மெத்தை நல்லா இருந்தா போதும்."

"இந்தத் தாள என்ன பண்ணுவீங்க?"

"குப்பையில போட்டுருவோம்."

"வேணாம், நானே கொண்டு போறேன்," என்று அவர் தன் பாதத் தடத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தினேஸ்வரியின் சந்தேகம் இன்னும் வலுத்தது.

நான்கு ஜோடிகள் சரிப்படவில்லை. ஐந்தாவதில் விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது, மெத்தையும் பஞ்சாக இருந்தது. சீனி அதைப் போட்டுக்கொண்டு கடையைச் சுற்றி நடந்தார். போய் முதலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்றார். தற்செயலாகத் திரும்பிய சிவநேசன், கையிலிருந்த கோப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"இதையே கட்டிக் குடுங்க," என்றார் சீனி. "இன்னொரு உதவி தங்கச்சி. லேஸுக்கு அடியில இருக்கிற நாக்குப் பட்டைக்கு உள்ள என் பேரையும் போன் நம்பரையும் எழுதிருங்க. கோயிலுக்குப் போனா எவனாச்சும் தூக்கிருவான். காலம் கெட்டுக் கிடக்குது லா."

தினேஸ்வரிக்கு உயிர் வந்தது. திருடுகிறவன் பெயரும் நம்பரும் எழுதிய சப்பாத்தோடு கிளம்புவானா? வீணாக ஒரு நல்ல மனுஷரைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டு, அழியாத மையால் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"இதப் போட்டுக்கிட்டு ஓடுங்கண்ணே, ஒருத்தராலயும் உங்களப் பிடிக்க முடியாது."

அந்த வாரச் சனிக்கிழமை காலை கடைக்கு வந்தது போலீஸ் சார்ஜன் தனேஸ்வரன். அவர் மேசைமேல் வைத்த பிளாஸ்டிக் பையில் அதே ஜோடி இருந்தது.

"நாலாவது," என்றார் சிவநேசன். தினேஸ்வரியைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார்.

"சீனின்னு ஒருத்தன் இங்க வாங்கினதுதானே? நேத்து சாயங்காலம் ஒரு வீட்டுல நகை எடுக்கப் போயிருக்கான். வீட்டுக்காரங்க கோயில்லேருந்து சீக்கிரமே திரும்பிட்டாங்க. வீட்டம்மா யாரோ விருந்தாளி வந்திருக்காங்கன்னு கோப்பி கலக்கப் போயிருக்காங்க. ஆளு பின்கதவு வழியா ஓடிட்டான். ஆனா இந்தச் சப்பாத்தாலதான் மாட்டினான்."

"பாத்தீங்களா, சத்தம் போட்டிருக்கும்," என்றார் முதலாளி.

வேலை போனால் போகிறது என்று தினேஸ்வரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "போட்டிருக்காது சார். நியூட்ரல் பாதம், நானே பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தேன். வழுக்கியும் இருக்காது, கடிச்சும் இருக்காது."

"சப்பாத்துமேல ஒரு குத்தமும் இல்லம்மா. திருப்பிக் குடுக்கவும் நான் வரல, இது கோர்ட்டுக்குப் போற சாமான். நீங்க வித்ததுன்னு ஒரு கையெழுத்து போட்டா போதும்."

சிவநேசன் கதவைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். வேலை தப்பியது என்று புரிந்ததும் தினேஸ்வரி பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அப்புறம் எப்படி சார் மாட்டினாரு?"

"உள்ள நம்பர் இருந்துச்சு. போன் பண்ணி, உங்க சப்பாத்து கிடைச்சிருக்குன்னு சொன்னேன். பத்து நிமிஷத்துல ஸ்டேஷனுக்கு வந்து நன்றி சொல்றான்."

"கால்ல போட்டிருந்த சப்பாத்து உங்களுக்கு எப்படி சார் கிடைச்சது?"

"வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னால, மரியாதையா வாசல்ல கழட்டி ஜோடி சேர்த்து வச்சிருக்கான்."