நீதிபதி வாலாட்டினார்

"யாருக்கு ஓட்டுப் போடறதுன்னு நீங்க ஒண்ணும் மண்டையை உடைச்சுக்க வேண்டாம். நீதிபதி சொல்லுவாரு" என்றாள் என் மனைவி, மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்தபடி.

நீதிபதி அப்போது எங்கள் வாசலில் காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

நீதிபதி என்றால் எங்கள் தெரு நாய். எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் யாரோ ஒருத்தனைப் பார்த்து விடாமல் குரைத்தது. பிடித்து விசாரித்தால், சைக்கிள் திருடன்! அன்றைக்குக் கொடுத்த பட்டம். அதற்கப்புறம் அது தபால்காரரைப் பார்த்துக் குரைத்தது, பால்காரரைப் பார்த்துக் குரைத்தது, குப்பைத்தொட்டியைப் பார்த்தும் குரைத்தது. அதையெல்லாம் யார் கணக்கில் எடுத்தார்கள்?

முதலில் ஓட்டுக் கேட்டு வந்தது தையற்கடை அக்கா. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துக் கடை. அளவெடுக்கிற டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து வந்திருந்தார்.

"தெருமுனைச் சாக்கடைக்கு மூடி போட வைக்கணும். அதுக்காகத்தான் நிக்கறேன். இப்போதைக்கு ஒரு பலகை போட்டு வெச்சிருக்கேன், பார்த்து நடங்க" என்றார்.

அந்தச் சாக்கடையில் விழுந்துதான் என் மனைவிக்குக் கால் உடைந்தது. அவள் முகம் லேசாக இளகியது.

அதற்குள் நீதிபதி எழுந்தார். பல்லைக் காட்டினார். தெரு அதிரக் குரைத்துவிட்டு, என் நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார்.

அக்கா சிரித்துவிட்டார். "இதுக்கு என்மேல கோபம் இன்னும் தீரல. உடம்பெல்லாம் சொறியோட வந்துச்சு, பாவம். ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போய் ஊசி போட்டுக் கூட்டிட்டு வந்தேன். அன்னையிலேர்ந்து என்னைக் கண்டாலே ஆகறதில்ல."

அவர் தலை மறைந்ததும் மனைவி ஆரம்பித்தாள். "எப்படிச் சமாளிக்கறாங்க, பார்த்தீங்களா?"

"நிஜமா இருக்கலாமே?"

"ஆயிரம் காரணம் சொல்லலாங்க. வாயில்லாத ஜீவனுக்கே பிடிக்கலையே!"

அடுத்து வந்தவர் கவுன்சிலர். போன தேர்தலில் கை குலுக்கிவிட்டுப் போனவர், இந்தத் தேர்தலுக்குத்தான் மறுபடி கை குலுக்க வந்தார். நடுவில் எங்கள் தெரு இருக்கிற திசையில் தும்மக்கூட இல்லை. சாக்கடைக்கு மூடி கேட்டு நடையாய் நடந்தோம். ஆளைப் பார்த்தால்தானே?

"இன்னைக்கு நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கப்போறேன்" என்றேன்.

"கேளுங்க. என் காலைக் காட்டியே கேளுங்க!"

கவுன்சிலர் காரிலிருந்து இறங்கினார். அவ்வளவுதான், நீதிபதி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார். செத்தார் மனுஷன் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால், நீதிபதி அவர் காலடியில் புரள்கிறார்! ஷூவை நக்குகிறார். வாலாட்டுகிற வேகத்தில் இடுப்பே கழன்றுவிடும் போலிருந்தது.

கவுன்சிலருக்கு ஒரு நிமிஷம் முகம் வெளுத்துப்போனது. பிறகு, கூட வந்தவர் செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பதைப் பார்த்ததும், குனிந்து நாயின் தலையைத் தடவினார்.

"நமக்கு எல்லா உயிரும் ஒண்ணுதாங்க" என்றார்.

"சார், அந்தச் சாக்கடை..." என்று வாயைத் திறந்தேன்.

"சும்மா இருங்க" என்று மனைவி என் விலாவில் ஒரு இடி இடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு நல்ல மனுஷனைப் போய்..."

எங்கள் தெரு ஓட்டு அத்தனையும் அவருக்கே விழுந்தது, என்னுடையதும் சேர்த்துத்தான். ஊருக்கெல்லாம் பார்வை சோதித்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவன் நான். வேட்பாளரின் மூஞ்சியைப் பார்த்து ஓட்டுப் போடுகிற ஆள் இல்லை. நாயின் மூஞ்சியைப் பார்த்துப் போட்டேன்.

தோற்ற மறுநாளும் தையற்கடை அக்கா கடையைத் திறந்தார். சாக்கடைமேல் போட்ட பலகை ஆடுகிறது என்று அதற்கடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். நீதிபதி தூரத்தில் நின்று அவரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் கவுன்சிலர் நன்றி சொல்ல வந்தார். தெருமுனையில் கார் நின்றுவிட்டது. பலகைமேல் சக்கரம் ஏறிவிடாமல் ஒதுக்க வழியிருக்கிறதா என்று பார்க்க டிரைவர் இறங்கினார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். நீதிபதி ஓடிவந்து கார்க் கதவில் முன்னங்கால் இரண்டையும் போட்டு முனகினார். உள்ளேயிருந்து கண்ணாடி சர்ரென்று மேலே ஏறியது.

"டேய் டைகர், கீழே இறங்குடா!" என்றார் டிரைவர்.

நீதிபதி மறுபேச்சில்லாமல் இறங்கினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டைகரா? இதை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டிரைவர் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார் வீட்டு நாய்தாங்க. சொறி வந்ததும், எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைன்னுட்டாரு. இதோ, இந்த மூலையிலதான் இறக்கிவிட்டேன். காருக்குப் பின்னாலேயே ரொம்ப தூரம் ஓடி வந்துச்சுங்க."

"அப்படியுமா அவரைப் பார்த்து இந்த ஆட்டம் ஆடுது?"

"அதாங்க எனக்கும் வயித்தெரிச்சல். நடுத்தெருவுல விட்டுட்டுப் போன ஆளு. திரும்பி வந்து ஒருவாட்டி தலையைத் தடவினா போதும், எல்லாத்தையும் மறந்துடுது!"

"ரோஷம் கெட்ட நாய்!" என்றேன் ஆத்திரத்தோடு.

கார் நகர்ந்தது. நீதிபதி பின்னாலேயே ஓடினார். தெருவே வாசலுக்கு வந்து நின்று காரைப் பார்த்துக் கையாட்டியது. மாவுக்கட்டுக் காலோடு நொண்டிக்கொண்டே வந்து என் மனைவியும் ஆட்டினாள்.

சும்மா சொல்லக்கூடாது, என் கையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.