பூட்டிய உலை

உலைக் கதவில் சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள் அந்தப் பெண். கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்த்த மேற்பார்வையாளருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மடியில் கனமில்லாதவள் எதற்குப் பூட்டுகிறாள்?

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். ஆனாலும் அவருடைய சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, பாவம். கனத்த எண்ணெயை உடைத்துப் பெட்ரோலாக்கும் வினையூக்கியை அங்கே நாலு பேர் செய்தார்கள். தேன்கூடு போல நுண்துளைகள் கொண்ட ஜியோலைட் என்ற வெள்ளைத் தூள், அதற்குள் ஊறத் துளி பிளாட்டினக் கரைசல், பிறகு உலை. நாலு பேருக்கும் ஒரே தூள், ஒரே அளவு. இருந்தும் அவள் செய்தது மட்டும் மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு எண்ணெயை உடைத்தது.

மற்ற மூவரும் நல்ல பிள்ளைகள். எப்போது கேட்டாலும் உலையைத் திறந்து காட்டுவார்கள். இவள்தான் வெளிச் சரக்கை உள்ளே மாற்றி வைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்.

"எதுக்கும்மா பூட்டு?"

"சூடு மெல்ல மெல்ல ஏறணும் சார். ஏறி இறங்கினா, துளைக்குள்ள இருக்கிற பிளாட்டினம் வெளிய வந்து கட்டிதட்டிப் போயிடும்."

"கதையெல்லாம் வேணாம். நாளைக்கு என் கண்ணு முன்னாடி செய். சாவி என்கிட்ட இருக்கட்டும். தரம் குறைஞ்சா, அதோட வேலைக்கு வர வேணாம்."

மறுநாள் நாலு மணி நேரம் அவர் சாப்பிடக்கூடப் போகவில்லை. அவளைத் தூரத்து மேசையில் உட்கார வைத்துவிட்டு, தூள் மாறிவிடவில்லையே என்று கால் மணிக்கொரு தரம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டார்.

சோதித்தார்கள். வழக்கத்தில் பாதி எண்ணெய்கூட உடையவில்லை.

அவளைக் கையோடு இயக்குநர் அறைக்கு அழைத்துப்போய், உலை தானாகவே வரைந்து தள்ளும் வெப்பக் கோட்டுத் தாள்களை மேசையில் விரித்தார். அவளுடைய பழைய தாள்களில் கோடு வழவழவென்று மேலேறியிருந்தது. இன்றைய தாளில் ரம்பப் பல். விரல் வைத்து எண்ணினார். பதினாறு பள்ளம். சூட்டைச் சீராக ஏற்றக்கூடத் தெரியாதவள் இத்தனை நாளும் நம்மை ஏமாற்றியிருக்கிறாள் என்றார்.

இயக்குநர் அவளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

அவள் குரலை உயர்த்தவில்லை.

"கதவைப் பதினாறு தடவை திறந்தது சார்தான்."